கொள்ளையனும் குலமகளும்: தமிழ்க் கதைமரபில் திருந்துதலின் இலக்கணம்

1. கேள்வியும் அதன் எல்லையும்

கடற்கொள்ளையன் ஒருவன் நற்குடிப் பெண் ஒருத்தியின்மேல் கொண்ட காதலால் தன் தொழிலைக் கைவிட்டு நல்வழிக்குத் திரும்புவது, வரலாற்றுக் காதல் புனைவுகளில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட கதைக்கூறு. 1922இல் வெளியான ரஃபேல் சபாட்டினியின் ‘கேப்டன் பிளட்’ நாவலும், அதிலிருந்து 1935இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய திரைப்படமும் இக்கதைக்கூற்றை உலகெங்கும் பரப்பின. தமிழில் 1960களில் இது நாவலாகவும் திரைப்படமாகவும் பெருவெற்றி பெற்றதால், மேலைநாட்டிலிருந்து வந்த சரக்காகவே இதைக் கருதும் போக்கு திறனாய்வில் உண்டு. அந்தக் கருத்து பாதிதான் சரி. ஆண் ஒருவனைப் பெண் ஒருத்தி வழிமாற்றும் கதையைத் தமிழ் மரபு பக்தி இயக்கத்தின் அடியார் வரலாறுகளில் முன்பே விரிவாகச் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்ன விதமும் இன்றைய காதல் புனைவின் விதத்திலிருந்து அடிப்படையில் வேறுபட்டது.

ஆணை மாற்றுபவர் யார், எந்த அதிகாரத்தால் மாற்றுகிறார், அந்த மாற்றத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. மூன்று கதைகள் இதற்குச் சான்றாகின்றன: திருமங்கையாழ்வாருக்கும் குமுதவல்லிக்கும் இடையிலான காதல் கதை, பண்ருட்டியை ஒட்டிக் கெடில நதிக்கரையில் அமைந்த திருவதிகையின் திலகவதியார் கதை, 1960களின் கடல்சார் புனைவுகள். இரண்டாவது கதை காதல் கதையன்று, தமக்கை தம்பியின் கதை. எனினும் திருந்துதல் என்பதைத் தமிழ் மரபு எவ்வாறு கற்பனை செய்தது என்பதை அறிய அதுவே உரைகல்லாக அமைகிறது.

2. கடலும் கொள்ளையும்: வரலாற்றுப் பின்னணி

கொள்ளையன் என்ற பாத்திரத்தை எடைபோடும் முன், தென்னிந்தியக் கடல்களில் கொள்ளை எத்தகைய நிகழ்வாக இருந்தது என்பதைச் சுருக்கமாகக் காண வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, முசிறித் துறைமுகத்துக்கு அருகே கடற்கொள்ளையர் இருந்ததால் அது வணிகர் விரும்பத்தக்க துறையாக இல்லை என்று குறிப்பிடுகிறார். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடையே இருந்த பகைவரை வென்று அவர்களது காவல்மரமான கடம்பை வெட்டியதைப் போற்றுகிறது. அப்பகைவரைக் கடற்கொள்ளையர் என்று கொள்வது ஆய்வாளர் பலரின் விளக்கம். ஆனால் வென்றவனின் புலவர் பாடிய பாட்டு மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையில், அவர்கள் கொள்ளையரா, கடல்வழியில் உரிமை கோரிய இன்னோர் அரசுக்குடியா என்பதை உறுதிசெய்ய வழியில்லை.

அரசுக்கும் கொள்ளைக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதைக் காகதீய மன்னர் கணபதிதேவரின் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு தெளிவாகக் காட்டுகிறது. 1244ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட அந்த அபய சாசனம், புயலில் அடிபட்டுக் கரையொதுங்கும் கப்பல்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள் என்றும், இனி முறையான வரி தவிர வேறெதுவும் கொள்ளப்படாது என்றும் வணிகர்களுக்கு உறுதியளிக்கிறது. கரையொதுங்கிய கப்பலைச் சூறையாடியவர்கள் அரசர்களே என்பதை ஓர் அரசரே கல்லில் ஒப்புக்கொண்ட ஆவணம் இது. எனவே நல்லவனான அரசன், தீயவனான கொள்ளையன் என்ற எளிய பிரிவு பிற்காலப் புனைவின் வசதிக்காக வரையப்பட்டதேயன்றி வரலாறு தந்ததன்று.

3. குமுதவல்லியின் நிபந்தனைகள்

திருமங்கையாழ்வார் வைணவ ஆழ்வார்கள் பன்னிருவருள் காலத்தால் பிற்பட்டவர். சோழநாட்டின் ஆலிநாட்டைச் சேர்ந்த திருக்குறையலூரில் பிறந்தவர். நீலன், கலியன், பரகாலன் என்னும் பெயர்களாலும் அறியப்படுபவர். காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரப் பதிகத்தில் பல்லவ மன்னன் ஒருவனின் போர் வெற்றிகளை அவர் பாடியிருப்பதைக் கொண்டு, இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் ஆண்ட எட்டாம் நூற்றாண்டில் அவர் வாழ்ந்தார் என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு. அவரது வாழ்க்கைக் கதையை ‘திவ்யசூரி சரித’மும், பின்பழகிய பெருமாள் ஜீயரின் ‘ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவ’மும் விரித்துரைக்கின்றன. குருபரம்பரை என்பது ஆசிரியர் வரிசையின் வரலாற்றைக் கூறும் நூல்வகை. ஆறாயிரப்படி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால், ஆழ்வாருக்கும் அவரது கதைக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு இடைவெளி உண்டு.

கதையின் சுருக்கம் இது. படைத்தலைவனாகவும் குறுநிலத் தலைவனாகவும் இருந்த நீலன், திருவெள்ளக்குளத்தில் வைணவ மருத்துவர் ஒருவரின் வளர்ப்பு மகளான குமுதவல்லியைக் கண்டு மணக்க விரும்புகிறான். அவள் இரண்டு நிபந்தனைகள் விதிக்கிறாள். பஞ்ச சம்ஸ்காரம் எனப்படும் ஐவகை வைணவச் சடங்குகளை ஏற்றுச் சங்கு சக்கரப் பொறி ஒற்றிக்கொண்டு அவன் வைணவனாக வேண்டும் என்பது முதலாவது. ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஆயிரத்தெட்டு வைணவர்களுக்கு அமுது படைத்து, அவர்கள் உண்டதன் மிச்சத்தை அவன் உண்ண வேண்டும் என்பது இரண்டாவது. திருநறையூர் நம்பியின் திருமுன் முதல் நிபந்தனையை நிறைவேற்றும் நீலன், இரண்டாவதற்காகத் தன் செல்வம் முழுவதையும் செலவழிக்கிறான். சோழ மன்னனுக்குச் செலுத்த வேண்டிய திறையும் அதிலேயே கரைந்துபோக, அரசனின் சிறைக்கு ஆளாகிறான். சிறையிலிருந்து மீண்ட பிறகும் அமுது படைப்பதை நிறுத்த மனமின்றி வழிப்பறியில் இறங்குகிறான். நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலா வழக்கன் என்ற நால்வர் அவனுக்குத் துணை: ஒருவன் நீரின்மேல் நடக்க வல்லவன், ஒருவன் பிறர் நிழலில் புகுந்து மறைய வல்லவன், ஒருவன் ஊதியே பூட்டைத் திறப்பவன், மற்றவன் வழக்காடித் தோற்காதவன். இறுதியில், மணக்கோலத்தில் வந்த திருமாலையே வழிமறித்து, அவன் கால்விரல் அணியைக் கழற்ற முடியாமல் பல்லால் கடித்திழுக்கும் கணத்தில் எட்டெழுத்து மந்திரத்தைச் செவியில் பெற்று ஆழ்வாராகிறான்.

இக்கதையின் வரலாற்று மதிப்பை எடைபோடுகையில் இரண்டு செய்திகள் முன்னிற்கின்றன. பல்லவர் மேலாதிக்கம் செலுத்திய காலத்தில் வாழ்ந்தவரைச் சோழனுக்குத் திறை கட்டுபவராகக் கதை காட்டுவது, சோழப் பேரரசின் நினைவு ஊறிய பிற்காலத்தில் அது உருப்பெற்றது என்பதற்கான அடையாளம். அதே நேரத்தில், பெரிய திருமொழியின் முதல் பதிகத்தில் ஆழ்வார் தம் இளமையைக் குறித்து வருந்துகையில், பெண்ணின்பத்தின் பின்னால் ஓடியதையும் கள்வனாக இருந்ததையும் தம் வாயாலேயே சொல்கிறார். இதை நேரடியான தன்வரலாறாகக் கொள்வது ஒரு தரப்பு. பக்திக் கவிஞர்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் பொது மரபே என்பது மற்றொரு தரப்பு. பிரீட்ஹெல்ம் ஹார்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த வரலாறு காலந்தோறும் வளர்ந்த புனைவு என்ற கண்ணோட்டத்தில் அதை அணுகியுள்ளனர். பாசுரத்தில் கிடைத்த ஒரு சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டு பின்வந்தோர் கதையைக் கட்டியெழுப்பினர் என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமான முடிவு.

ஆயினும் கதை எப்போது தோன்றியது என்பதைவிட அது என்ன சொல்கிறது என்பதே இங்கு முதன்மையானது. குமுதவல்லி பரிசுப் பொருளாக நிற்கவில்லை. நிபந்தனை விதிப்பவளாக நிற்கிறாள். அவளது நிபந்தனை கொள்ளையனைத் திருத்தவும் இல்லை. கொள்ளையன் அல்லாத ஒருவனை அதுவே கொள்ளையனாக்குகிறது. அறச்செயலைச் செய்யச் சொல்லும் பெண்ணின் கட்டளை தீச்செயலுக்கு வாயிலாகிறது என்ற இக்கட்டை மரபு மூடி மறைக்கவில்லை. காதலே மனிதனைத் தூய்மையாக்கிவிடும் என்ற எளிய தீர்வை நோக்கி இக்கதை செல்வதில்லை என்பதே அதன் முதிர்ச்சி.

4. நாகப்பட்டினத்துக் கப்பல்

ஆழ்வாரின் கொள்ளை நிலத்தோடு நின்றுவிடவில்லை. திருவரங்கத்துத் திருப்பணிக்குப் பொருள் தேடி, அவர் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரையிலிருந்த பொன் படிமத்தைக் கவர்ந்து உருக்கினார் என்பது குருபரம்பரை மரபு. அதையொட்டி வரும் கப்பல் கதை கடற்கொள்ளைக்கு மிக அருகில் நிற்கிறது. பாக்கு ஏற்றிவந்த வணிகக் கப்பலில் ஏறிய ஆழ்வார், ஒரு பாக்கை எடுத்து இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வணிகனிடம் கொடுத்து, கப்பலிலுள்ள பாக்கில் பாதி தமக்குத் தர வேண்டியது என்று சீட்டு எழுதி வாங்குகிறார். பாதிப் பாக்கைத் திருப்பித் தருவதாக எண்ணி எழுதிக்கொடுத்த வணிகன், கரை சேர்ந்ததும் சரக்கு முழுவதிலும் பாதியைக் கொடுக்க வேண்டியதாகிறது. ஆயுதம் ஏந்தாமல் எழுத்தாலேயே நடத்தப்பட்ட கப்பற்கொள்ளை இது.

இவற்றை வரலாற்றோடு ஒப்பிடும்போது சில செய்திகள் தெளிவாகின்றன. சீனத்திலிருந்து வரும் பௌத்தர்களுக்காக நாகப்பட்டினத்தில் கோயில் எழுப்பும் முயற்சிக்கு இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் ஆதரவளித்தது 720ஐ ஒட்டி. ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக (சமண, பௌத்தப் பள்ளிகளுக்கான கொடைநிலமாக) அளித்தது 1006ஐ ஒட்டி. எனவே ஆழ்வார் காலத்தில் அங்கே பௌத்தத் தலம் இருந்திருக்கலாம்; ஆனால் கதை சொன்னவர்களின் மனக்கண்ணில் இருந்தது பிற்காலத்துச் சூடாமணி விகாரையாகவே இருக்க வேண்டும். 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள், அங்கு பௌத்தம் ஆழ்வார் காலத்துக்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் செழித்திருந்ததை உறுதிசெய்கின்றன. களவுக் கதை ஒரு சமயத்தின் அழிவைப் பதிவுசெய்யவில்லை. அருகிலேயே வாழ்ந்த போட்டிச் சமயத்தின்மீது வெற்றி கொண்டாட விரும்பிய மனநிலையைப் பதிவுசெய்கிறது.

இக்கதைத் தொகுதியின் கசப்பான பகுதி இன்னொன்று. திருப்பணி செய்த தொழிலாளர்கள் கூலி கேட்டபோது, அவர்கள் படகில் ஏற்றப்பட்டு ஆற்றின் நடுவே மூழ்கடிக்கப்பட்டனர் என்றும், அவர்களுக்கு மோட்சமே கூலியாகக் கிடைத்தது என்றும் மரபு கூறுகிறது. இறையருள் பெற்றவன் தீமை செய்யான் என்ற உறுதியை இக்கதைகள் தருவதில்லை. திருந்துதல் என்பது யாருக்குத் தொண்டு என்ற திசைமாற்றமாக மட்டுமே இங்கு நிகழ்கிறது, வழிமுறை மாறவில்லை. வைணவர்களின் பார்வையில் கைங்கரியமாக நிற்பது, பௌத்தர்களின் பார்வையிலும் கூலி கேட்ட தொழிலாளியின் பார்வையிலும் கொள்ளையாகவும் கொலையாகவுமே நிற்கும். இந்த இரண்டாம் பார்வையை விட்டுவிட்டு அடியார் வரலாறுகளைப் படிப்பது அரைகுறைப் படிப்பாகும்.

5. திருவதிகை: மறுப்பின் அதிகாரம்

திருவதிகை வீரட்டானம் சிவபெருமான் திரிபுரம் எரித்த தலமாகப் போற்றப்படுவது. அப்போரில் திருமால் அம்பாக நின்றார் என்ற நம்பிக்கையால், அதே ஊரில் சரநாராயணப் பெருமாள் கோயிலும் உண்டு. திருநாவுக்கரசரின் வாழ்க்கை திசைமாறிய களமும் இவ்வூரே. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவ்வரலாற்றை விரிக்கிறது.

புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த திலகவதியார், கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசப்பட்டவர். திருமணத்துக்கு முன்பே பெற்றோர் இறந்தனர். கலிப்பகையாரும் போரில் மாண்டார். மணம் நிகழாவிடினும் தம்மை அவருக்கே உரியவராகக் கருதி உயிர்விடத் துணிந்த திலகவதியார், பின்னாளில் திருநாவுக்கரசரான தம்பி மருணீக்கியாரின் வேண்டுதலுக்கு இரங்கி உயிர் தாங்கினார். பின்னர்த் தம்பி சமணம் தழுவிப் பாடலிபுத்திரம் என்னும் இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயருடன் விளங்கினார். தமக்கை திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்துத் தொண்டு செய்தார். சூலை நோய் முற்றித் தம்பி ஆளனுப்பியபோது, சமணர் இருக்குமிடத்துக்கு வர இயலாது என்று திலகவதியார் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்குப் பிறகுதான் தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்தார். தமக்கை அளித்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, அவர் பின்னே கோயிலுக்குள் சென்றார்.

குமுதவல்லி கதையோடு இதை ஒப்பிட்டால் ஒரு பொது இலக்கணம் புலப்படும். இரு கதைகளிலும் ஆணின் வாழ்க்கையைத் திருப்புவது பெண்ணின் கனிவு மட்டுமன்று, அவளது மறுப்பு. ‘இப்படியே இருந்தால் ஏற்கமாட்டேன்’ என்று ஒருத்தி சொல்கிறாள்; ‘நீ இருக்குமிடத்துக்கு வரமாட்டேன், நீதான் வர வேண்டும்’ என்று மற்றொருத்தி சொல்கிறாள். இருவரும் தத்தம் சமய நெறியில் ஊன்றி நிற்கிறார்கள். ஆணை நோக்கி அவர்கள் நகர்வதில்லை, ஆண்தான் அவர்களை நோக்கி நகர வேண்டியிருக்கிறது.

அதே சமயம், இது சமயப் பூசலின் நடுவே ஒரு தரப்பார் எழுதிய கதை என்பதை மறக்கலாகாது. சைவர்களுக்குத் திருந்துதலாகத் தோன்றுவது சமணர்களுக்கு நெறிபிறழ்தலாகவே தோன்றியிருக்கும். கதையின் தொடர்ச்சியில், நாவுக்கரசர் கல்லோடு கட்டப்பட்டுக் கடலில் எறியப்பட்டு, கல்லே தெப்பமாகக் கரைசேர்கிறார். அந்த நினைவைச் சுமந்து கடலூர்ப் பகுதியில் கரையேறவிட்ட குப்பம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அவரை ஒறுத்த பல்லவ மன்னனும் மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அப்பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சுரத்தை எழுப்பினான் என்பது பெரியபுராணச் செய்தி. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டு, குணபரன் என்ற அரசன் மாற்று நெறியிலிருந்து விலகி இலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதை இருபொருள்படக் கூறுவதால், அவனது சமய மாற்றத்துக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு என்று ஆய்வாளர்கள் கருதினர். பள்ளிகள் இடிக்கப்பட்டதற்கு அந்தக் கல்வெட்டு சான்றாகாது. ஆயினும் கதை ஒன்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது: ஓர் அரசன் திருந்தியதற்கான விலையைப் பிற சமயத்தார் தம் கட்டடங்களால் கொடுத்தார்கள்.

6. 1960களின் கடற்கொள்ளையர்

இந்த மரபின் பின்னணியில் நவீனப் புனைவுகளை வைத்துப் பார்க்கலாம். ‘குமுதம்’ இதழில் தொடராக வந்து பின்னர் மூன்று பாகங்களாக வெளியான சாண்டில்யனின் ‘கடல் புறா’, முதலாம் குலோத்துங்கனின் தானைத்தலைவனும் கலிங்கத்துப் பரணியின் நாயகனுமான கருணாகரத் தொண்டைமானைத் தன் கதைத்தலைவனாக்குகிறது. இளையபல்லவன் என்ற பெயரில் வரும் அவன், கலிங்கத்தின் கடல்வலிமையை முறிக்கக் கடற்கொள்ளையனாக மாறுகிறான். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி அவன் காதலி. 1965இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முறையாக இணைந்து நடித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’, கேப்டன் பிளட் கதையின் சாயலில் அமைந்தது. மருத்துவனான மணிமாறன் கிளர்ச்சிக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக அடிமையாக விற்கப்படுகிறான். கன்னித்தீவின் பூங்கொடி அவன்மேல் காதல் கொள்கிறாள். சூழ்நிலையின் நெருக்கடியால் அவன் கடற்கொள்ளையனாகிறான்.

இவ்விரு நாயகர்களிடமும் ஒரு பொதுத்தன்மை வெளிப்படை: இருவரும் திருந்த வேண்டிய தேவையே இல்லாதவர்கள். ஒருவனது கொள்ளை போர்த்தந்திரம். மற்றவனது கொள்ளை கட்டாயம். கொள்ளையன் என்ற வேடத்துக்கு அடியில் குற்றமற்ற வீரன் முதலிலிருந்தே நிற்பதால், காதலி செய்ய வேண்டியது அவனை அடையாளம் காண்பது மட்டுமே. ‘கேப்டன் பிளட்’ நாவலில் நாயகி அரபெல்லா நாயகனைத் திருடன், கொள்ளையன் என்று முகத்துக்கு நேரே பழிப்பதும், அச்சொல் அவனை நெடுநாள் உறுத்துவதும் கதையின் திருப்புமுனைகள். தமிழ்த் திரைப்படத்தில் நாயகனின் நேர்மை பார்வையாளருக்கு எப்போதும் ஐயமற்றதாகவே இருப்பதால், அத்தகைய பழிச்சொல் நாயகனின் மனச்சான்றைத் தொடுவதற்கு இடமில்லை. நாயகனை மக்கள் தலைவனாக நிறுவ வேண்டிய அரசியல் தேவை இதற்கு ஒரு காரணம். ‘ஏன் என்ற கேள்வி’, ‘அதோ அந்தப் பறவை போல’ போன்ற பாடல்கள் அடிமைத்தளையை எதிர்க்கும் குரலை அவனிடமே தருகின்றன. படம் அடிமைமுறையை மக்கள் மொழியில் கண்டித்தது என்ற பெருமை அதற்கு உரியது. ஆனால் அந்தப் பெருமைக்கு ஈடாக, நாயகியின் அறத்தீர்ப்புக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது.

வரலாற்றுச் சான்றோடு ஒப்பிடுகையிலும் இந்த வேறுபாடு புலப்படும். கருணாகரனின் காலத்தவரும், குலோத்துங்கனின் படைத்தலைவர்களுள் ஒருவருமான மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன், திருவதிகை வீரட்டானத்தில் தம் திருப்பணிகளைத் தமிழ்ச் செய்யுளில் கல்வெட்டாகப் பொறித்துள்ளார். ஒரு சோழத் தளபதி தம்மைப் பற்றிப் பின்னோர் அறிய வேண்டும் என்று விரும்பியவற்றுள் கோயிலுக்குச் செய்த அறப்பணிகளே முதன்மையானவை. கடல்வழிச் சாகசமும் காதலும் அந்தத் தன்விளக்கத்தில் இடம்பெறவில்லை. புனைவு வரலாற்றின் மௌனத்தை நிரப்புவது குற்றமாகாது. எனினும் அந்த மௌனத்தை எதைக் கொண்டு நிரப்பியது என்று கேட்பது திறனாய்வின் கடமை.

7. எதிர்வாதமும் முடிவும்

குமுதவல்லியும் திலகவதியாரும் சுதந்திரமாகத் தீர்ப்பளிப்பவர்கள் அல்லர், சமய நிறுவனத்தின் குரலையே அவர்கள் ஒலிக்கிறார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். அதில் உண்மை உண்டு. அவர்களது மறுப்புக்கு வலிமை தருவது அவர்கள் சார்ந்த சமயமே. மணம் நிகழாத நிலையிலேயே உயிர்விடத் துணிந்த திலகவதியாரின் முடிவு, பெண்ணின்மீது மரபு சுமத்திய கடுமையான கற்பு நெறியின் வெளிப்பாடும்கூட. ஆயினும் கதையின் அமைப்பில் முடிவெடுக்கும் புள்ளி அவர்களிடமே இருக்கிறது. இன்னொரு குறிப்பும் இதற்குத் துணையாகிறது. நிறைவேறாத காதலுக்காகப் பனைமட்டைக் குதிரையில் ஏறி ஊரறிய வெளிப்படுத்தும் மடலேறுதல் ஆணுக்கே உரியதென்று தமிழ் மரபு வரையறுத்திருந்தது. திருமங்கையாழ்வாரோ சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் பெண்குரல் ஏற்று மடலூரத் துணிகிறார். கொள்ளையனாகச் சித்திரிக்கப்பட்ட கவிஞரே, பெண்ணுக்கு விதிக்கப்பட்ட நாணத்தின் எல்லையைத் தம் கவிதையில் உடைத்தவர். அவரது கதையில் வலிமையான பெண் ஒருத்தி அமைந்தது தற்செயலாக இருக்க முடியாது.

ஆண்டுதோறும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்தின் எட்டாம் நாளில், திருவரங்கத்தில் வேடுபறி உற்சவம் நடைபெறுகிறது. ஆழ்வார் இறைவனைக் கொள்ளையிட்ட நிகழ்ச்சி பல்லாயிரம் பேர் முன்னிலையில் நடித்துக் காட்டப்படுகிறது. கொள்ளையனின் குற்றத்தை மறைக்காமல் விழாவாகவே நினைவுகூரும் துணிவு அந்த மரபுக்கு இருந்தது. 1960களின் புனைவு கொள்ளையனிடமிருந்து குற்றத்தையும் நாயகியிடமிருந்து மறுக்கும் உரிமையையும் ஒருசேர நீக்கியது. அதன் விளைவாகக் கதை இனிமை பெற்றது, அறச்சிக்கலை இழந்தது. குற்றமில்லாதவன் திருந்த முடியாது; மறுக்க இயலாதவள் திருத்தவும் முடியாது. இனி வரலாற்றுக் காதல் புனைவு எழுத முனையும் தமிழ் எழுத்தாளர்கள், கரீபியக் கடலின் முன்மாதிரிகளைத் தேடும் முன், கெடிலக் கரையின் திலகவதியாரையும் திருவெள்ளக்குளத்துக் குமுதவல்லியையும் ஒருமுறை ஊன்றிப் படிப்பது நல்லது.